கார்னர் பிளாட்டும் கை தூக்கியவர்களும்

1

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மெல்போர்ன் தமிழ்ச் சங்கத் தலைவர் பாஸ்கரன், செயலாளர் லதா மேடம், பொருளாளர் முரளி, 'நாடகப் பொறுப்பாளர்' என்ற பட்டத்தோடு நான். வராதவர்: நாடகத்தை எழுதிய ஜெயந்தி. காணொலியில் சேர்த்துக்கொள்ளலாமே என்று நான்தான் கேட்டேன். "எழுதினவங்க இருந்தா ஃப்ரீயா பேச முடியாது குமார்" என்றார் தலைவர். வராதவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. செல்வம், அவன் மனைவி அனிதா. அவர்கள் குழுவில் இல்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் அந்த மேசையில் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள் என்பதால் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. மெல்போர்னில் ஒரு பேரங்காடியின் பால் அலமாரிக்குள் தலையை விட்டு விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நேற்று சங்கத்தின் மின்னஞ்சல் வந்தது. முதுகலை படிக்க வந்தவன் நான். இப்போது குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அந்த மின்னஞ்சலைப் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. 'அடுத்த விழாவுக்காகத் தற்கால நாடக ஆசிரியர்களின் புதிய நாடகங்களைப் பரிந்துரைக்கவும். இருபது நிமிடத்துக்கு மிகாமல், குடும்பத்தோடு பார்க்கத் தக்கதாக, யார் மனதையும் புண்படுத்தாததாக இருக்கட்டும்.'

சங்கத்துக்குப் பதில் எழுதவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நாடகம் பார்க்கிற வசதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

2

முதலில் நான் எப்படி நடிகனானேன் என்று சொல்லிவிடுகிறேன்.

திருப்போரூருக்கு உள்ளே தள்ளி எங்கள் காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். செங்கல்பட்டில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தபோது அந்த நிலங்கள் எல்லாம் கல் நட்டு பிளாட்டாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வேன் வேனாக ஆட்களைக் கூட்டிவந்து நிலம் காட்டுவார்கள். சைட் விசிட் என்று பெயர். பிரியாணி இலவசம்.

அந்தக் கூட்டத்தோடு நாங்களும் கலந்து நிற்போம். எங்களுக்கு டம்மி பார்ட்டி என்று பெயர். நிலம் வாங்க வந்தவர்கள் மாதிரி நடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாயும் அதே பிரியாணியும். ஜெயந்தி அடுத்த தெரு, கல்லூரியில் என் வகுப்பு. ஏஜென்ட் எங்கள் இருவருக்கும் வேஷம் பிரித்துக் கொடுத்தது இன்றும் காதில் இருக்கிறது.

"டேய், நீ ஆஸ்திரேலியா மாப்ள. இவ உன் பொண்டாட்டி. அந்தக் கண்ணாடிய கயட்டாத. எவனாவது பேசுனா இங்கிலீசுல ரெண்டு வார்த்த உட்டுட்டு சும்மா நில்லு. வாயத் தொறந்து இன்னா கிண்ணான்னு கேட்டுகினு நின்ன, அத்தோட பேஜாரு."

"பொண்டாட்டிக்கு டயலாக் இல்லையா அண்ணாத்த?" என்றாள் ஜெயந்தி.

"நீ மொறச்சிகினு நில்லு. அத்தான் டயலாக்."

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. முதல் டம்மி ஒரு சந்தேகம் கேட்பார்: தண்ணி எப்படி, ரோடு எத்தனை அடி. ஏஜென்ட் பதில் சொல்வார். உடனே இரண்டாவது டம்மி, "அப்ப எனக்கு அந்த கார்னர் பிளாட்ட போடுங்க" என்பார். மூன்றாவது டம்மி அவர்மேல் பாய வேண்டும்: "யோவ், அது நான் போன வாரமே சொல்லி வெச்சது!" இரண்டு நிமிடச் சண்டை. அதற்குள் உண்மையாக வாங்க வந்தவர்களுக்கு வியர்த்துவிடும். கார்னர் போனால் போகட்டும், நடுவிலாவது கிடைக்க வேண்டுமே என்று பையைத் திறப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைகிறது என்று அம்மாவையும் கூட்டிப் போனோம். வாடகைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நாற்று நட்ட அதே வயலில் வாங்க வந்த அம்மாளாக நின்றாள். கிணற்றைப் பார்த்ததும் அவளுக்கு வேஷம் மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சென்னைக்காரப் பெண்ணிடம், "இந்தக் கெணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும்மா" என்றாள். அன்று அந்த இடத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அந்த உண்மையால் இரண்டு பிளாட் விற்றது. ஏஜென்ட் அவளுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா அந்தப் புடவையை மடிக்கக்கூட இல்லை, சுருட்டி எறிந்தாள். பிரியாணியையும் தொடவில்லை.

3

நாடகங்களுக்கு வருகிறேன். போன வருடம் சங்கத்துக்கு நான் மூன்றைப் பரிந்துரைத்தேன். மூன்றும் நம் மாவட்டத்து ஆட்கள் அண்மையில் எழுதியவை.

ஒன்று 'வெடி'. மதுராந்தகம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது. வேடந்தாங்கல் மாதிரி ஓர் ஊர். பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். அங்கே பெண் எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டார், செண்டை மேளமும் ஆயிரம் வாலா சரமும் இல்லாமல் தாலி கட்ட முடியாது என்கிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கடைசிக் காட்சியில் மணப்பெண் எடுக்கிற முடிவைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இரண்டாவது 'விட்டுப்போனவை'. மாமல்லபுரம் சாலையில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்த பெண் எழுதி, அவரே தனியாக நடிப்பது. விருந்தினர்கள் விட்டுப்போன பொருள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துப் பேசுவார். ஒரு செருப்பு, ஒரு பல் செட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை. முக்கால் மணி நேரம் நீங்கள் அசைய மாட்டீர்கள்.

மூன்றாவது ஜெயந்தியின் 'கார்னர் பிளாட்'. நான் மேலே சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. கிணற்றங்கரையில் அம்மா சொன்ன வார்த்தையும் இருக்கிறது. அவளைக் கேட்டுத்தான் எழுதினாள். "எழுதிக்கோ, ஆனா எம்பேரு வேணாம்" என்றாளாம் அம்மா.

4

நான் முதலில் சொன்ன அந்தக் கூட்டத்தில் முதல் இரண்டு நாடகங்களும் பத்து நிமிடத்தில் போய்விட்டன. 'வெடி'யில் மேளக்காரர்கள் வருவதால் செலவு. 'விட்டுப்போனவை'யில் ஒரே ஒரு ஆள்தான், "பேரன்ட்ஸ் தங்கள் குழந்தைகளை மேடையில பார்க்கணும்னு நினைப்பாங்க" என்றார் லதா மேடம். அந்தக் குழந்தைகளை நான் அறிவேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பார்கள். மேடையிலிருந்து இறங்கியதும், என்ன சொன்னோம் என்று அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா படம் எடுப்பதில் கவனமாக இருப்பார்.

'கார்னர் பிளாட்' பிடித்துப்போனது. நாற்பது நிமிடம், பத்துப் பேர், நகைச்சுவை. அரங்கத்துக்கு விண்ணப்பம் நிரப்பும் வேலை எனக்கு. மேடையில் பிரியாணி அண்டா வருமா, அது சூடாக இருக்குமா, மூடியைத் திறப்பவருக்கு உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டா என்று நகராட்சி கேட்டது. காலி அண்டா என்று எழுதினேன். காலி அண்டா எத்தனை கிலோ, யார் தூக்குவார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அதையும் எடை போட்டு எழுதினேன். அந்தக் கேள்விகளில் எனக்கு எரிச்சல் வரவில்லை. அவர்கள் கேட்டதற்கு ஒரு பதில் இருந்தது.

அசிங்கம் மூன்று வாரம் கழித்து வந்தது. விழாவுக்குப் பெரிய விளம்பரதாரர் கிடைத்துவிட்டார். சென்னையில் மனை விற்கிற நிறுவனம்.

"நாடகம் பிரமாதம் குமார். பிளாட்டுங்கற இடத்துல எல்லாம் சீட்டுக் கம்பெனின்னு போட்டுடுங்க. மெசேஜ் அதேதானே?" என்றார் தலைவர்.

ஜெயந்தியைக் கூப்பிட்டேன். போனில் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் பேருந்து நிலையச் சத்தம்.

"இன்னாடா குமாரு, சீட்டுக் கம்பெனியா? உங்கம்மா நாத்து நட்டது எங்கடா? சீட்டு நோட்டுலயா?"

"நான் சொல்லல ஜெயந்தி, அவங்க..."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீ இன்னா சொன்ன?"

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"மாத்த மாட்டேன்னு சொல்லிடு. போட்டா இத்த போடு, இல்ல வுட்டுடு. இங்க போட எனக்கு எடம் கீது" என்று வைத்துவிட்டாள்.

அதைக் குழுவில் சொன்னேன். அதன்பிறகு நாடகத்துக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடம் இருபத்தைந்தானது, இருபத்தைந்து பத்தானது. ஒருநாள் நிகழ்ச்சி நிரல் வந்தபோது அந்த இடத்தில் 'சொந்த மண்ணில் ஒரு துண்டு: சிறப்பு அறிமுகம்' என்று இருந்தது. நாடகம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டதாக ஒரு வரி. ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு நானே போன் செய்து சொன்னேன். பாதிப் பேருக்கு நிம்மதி.

5

செல்வமும் அனிதாவும் இருக்கிற வீட்டில்தான் ஓர் அறையில் நானும் இருக்கிறேன். செல்வத்துக்குத் திருக்கழுக்குன்றம். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன் ஓட்டுகிறான். அனிதா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் பிறந்தது நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். போன புயலில் கடல் அவர்கள் வீட்டுப் பின்சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் தார்பாய் கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருக்கிறார்கள். கடலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கி, ஒரு சின்ன வீடு கட்டி, அடுத்த மழைக்கு முன் அவர்களைக் குடி வைக்க வேண்டும். அவர்கள் இரண்டு வருடமாகச் சேர்த்தது அதற்காகத்தான். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை. நாஸ்தாவுக்கு முந்தின நாள் சோறு.

ஒருநாள் சமையலறையில் அனிதா கேட்டாள். "அண்ணா, உங்க ஊர்ப் பக்கம்தான பாக்கறோம். எதுல வாங்கலாம், யார நம்பலாம்?"

நிலம் விற்கிற இடத்தில் என்ன நடக்கும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சங்கத்துல கேட்டுப் பாரும்மா. அவங்கல்லாம் படிச்சவங்க, நாலும் வாங்கிப் போட்டவங்க."

படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. ஆசுபத்திரியிலும் தாலுகா ஆபீசிலும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வெளியே காத்து நிற்பார். நான் படித்த பிறகும் அந்த நினைப்பு எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

6

விழா ஞாயிறு மதியம். அரங்கம் நிறைந்திருந்தது. நாடகம் இல்லாததால் எனக்குக் கையடக்க மைக்கை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்களிடம் ஓடுகிற வேலை கொடுத்தார்கள்.

மனை நிறுவனத்திலிருந்து வந்த, டை கட்டிய இளைஞர் ஒருவர் மேடையில் திரையைக் காட்டிப் பேசினார். திருப்போரூரிலிருந்து எட்டு நிமிடம், கடற்கரைக்குப் பத்து நிமிடம், முருகன் அருள், நீங்கள் ஓடி விளையாடிய மண். திரையில் தென்னை மரங்கள். நம் பக்கத்தில் அவ்வளவு அழகான தென்னையை நான் பார்த்ததில்லை.

பொருளாளர் முரளி கை தூக்கினார். மைக்கை நீட்டினேன்.

"தண்ணி வசதி எப்படிங்க?"

பதில் வந்தது. முப்பது அடியில் நல்ல தண்ணீர்.

தலைவர் கை தூக்கினார். மைக்கை நீட்டினேன். "நான் ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கேன். இப்ப அந்த கார்னரையும் எனக்கே எழுதிடுங்க."

மூன்று விநாடி இருக்கும். டம்மி பார்ட்டியில் நாங்கள் விடுகிற அதே இடைவெளி. முரளி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"தலைவரே, இது நியாயமா? அந்த கார்னர் நான் போன வாரமே சொல்லி வெச்சது!"

அரங்கமே சிரித்தது. நல்ல நடிப்பு. நாங்கள் முந்நூறு ரூபாய்க்குச் செய்ததைவிடச் சுத்தமாகச் செய்தார்கள். எத்தனை பேரைச் சேர்த்துவிட்டால் அவர்கள் மனைக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பங்களாவும் இரண்டு காரும் வைத்திருக்கிறவர்கள், ஒரு தள்ளுபடிக்காக எங்கள் கூலி வேலையைக்கூட விட்டுவைக்கவில்லை. அருவருப்பு என்றால் என்னவென்று எனக்கு அந்த நிமிடம்தான் முழுதாகத் தெரிந்தது.

ஐந்தாவது வரிசையில் செல்வம் கை தூக்கினான். பக்கத்தில் அனிதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போய் மைக்கைக் கொடுத்தேன்.

"மழைக் காலத்துல தண்ணி நிக்குமா சார்? அந்தாண்ட ஏரிங்க ஜாஸ்தி."

மொத்த அரங்கத்திலும் கேட்கவேண்டிய ஒரே கேள்வி அது. மேடையிலிருந்து லதா மேடம் முந்திக்கொண்டார். "அதுக்கு நம்மகிட்டயே ஆள் இருக்கு. நம்ம குமார் அந்த ஊர்ப் பையன்தான். சொல்லுங்க குமார், ஏரியா எப்படி?"

செல்வம் மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். என் நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக் கடிதம் அவர் கொடுத்தது. அதனால்தான் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அது பாதிக் காரணம்கூட இல்லை. சார்கள் கேட்டால் அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லியே வளர்ந்த வாய் இது.

"நல்ல ஏரியாதான் மேடம்" என்றேன்.

கைதட்டினார்கள். எனக்கு யாரும் இதுவரை அவ்வளவு தட்டியதில்லை.

7

வெளியே போட்டிருந்த மேசையில் அன்றைக்கே ஒரு சிறு தொகையைக் கட்டிவிட்டு, மீதியைப் பத்து நாளில் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டார்கள் செல்வமும் அனிதாவும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டம்மி பார்ட்டி, கார்னர் சண்டை, ஆஸ்திரேலியா மாப்பிள்ளை வேஷம், எல்லாம்.

செல்வம் நம்பவில்லை. "மச்சான், நீங்க பண்ணீங்க, ஒத்துக்கறேன். உங்களுக்கு டப்பு இல்ல. இவங்க டாக்டரு, இஞ்சினீயரு. இவங்களுக்கு இன்னா தலையெழுத்தா டம்மியா நிக்க?"

"அதான் செல்வம் எனக்கும் புரியல."

"புரியலன்னா எதுக்குப் பேசற? நேத்து மைக்குல நல்ல ஏரியான்னு சொன்ன. இன்னிக்கு வந்து மாத்திச் சொல்ற. எத்தத்தான் நம்பறது?"

அனிதா அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேண்ணா. அது குப்பம் பூரா சொல்லிகினு திரியுது. தெருவுல எல்லாருக்கும் டீ வாங்கிக் குட்த்துச்சாம். இப்ப எப்படி வேணாம்னு சொல்றது? நீங்க சொன்னதாலதாண்ணா எனக்கு தைரியமே வந்துச்சு" என்றாள்.

பத்தாம் நாள் மீதியைக் கட்டினார்கள்.

ஜெயந்தியின் நாடகம் அதே மாதம் திருப்போரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. டிக்கெட் கிடையாது. இடம் போதாமல் சாப்பாட்டுக் கூடத்திலும் ஆட்கள் நின்று பார்த்தார்களாம். நிலம் வாங்குவதற்காக அன்று ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பம் நாடகம் முடிந்ததும் வேனில் ஏறாமல் பேருந்து பிடித்துப் போனது என்று சொன்னாள். அந்த நாடகத்தைத்தான் நான் இருபத்தைந்து நிமிடமாகவும் பத்து நிமிடமாகவும் வெட்ட விட்டு, கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் விழாக் கதையை அவளிடம் சொன்னபோது, "அடுத்த தபா போடும்போது அந்த மைக்கு சீன சேத்துக்கறேன். உம்பேர போடட்டுமா?" என்று கேட்டாள். போடு என்றேன். உங்கள் ஊருக்கு வந்தால் போய்ப் பாருங்கள். 'வெடி'யையும் 'விட்டுப்போனவை'யையும் பாருங்கள். உங்களால் நடந்தே போய்ப் பார்த்துவிட முடியும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. வாய்த்ததை நாங்களே கெடுத்தோம்.

ஐப்பசி மழை விட்ட நாளில் அனிதாவின் அப்பா மனையைப் பார்க்கப் போனார். வீடியோவில் எங்களையும் கூட வைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றார். எண் எழுதிய கல்லின் தலை மட்டும் தெரிந்தது. "கடலுக்குப் பயந்துதானமா எடம் பாத்தோம்?" என்று ஒருமுறை கேட்டார். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் கரையிலிருந்தே கத்தினார்: "யோவ், அது ஏரித் தண்ணி நிக்கற எடம்யா! உனக்கும் வித்துட்டானுங்களா?"

நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராதாம். வேறு திட்டத்தில் 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ளலாம் என்றார்கள், மேலே பணம் கட்டினால். தலைவரிடம் கேட்டேன். "வாங்கறவங்கதான் பார்த்து வாங்கணும் குமார். சங்கம் இதுக்கெல்லாம் பொறுப்பாக முடியாது" என்றார். கார்னர் பிளாட்டை அவரும் வாங்கவில்லை, முரளியும் வாங்கவில்லை. அது இன்னும் விற்பனைக்கு இருக்கிறது.

அனிதா இப்போது இரண்டு இல்லங்களில் வேலை பார்க்கிறாள். தார்பாய் மாற்றியாகிவிட்டது. செல்வம் என்னோடு பேசுகிறான், ஆனால் மச்சான் என்று கூப்பிடுவதில்லை. மனைக்குக் கட்டியது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். வில்லங்கம் போட்டுப் பார்த்ததற்கும் செங்கல்பட்டு வக்கீலுக்கும், அந்த அப்பா நடையாக நடந்ததற்கும் இருபத்தெட்டாயிரம். மொத்தம் ஐந்து லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.